தட்டைத் தனியாக வைக்க வேண்டாம்

கேள்வி: கணவருக்கு ஹெபடைட்டிஸ் சி என்று ரிப்போர்ட் வந்ததிலிருந்து தூக்கமில்லை. தட்டு, டம்ளரைத் தானே தனியாக வைத்துக்கொள்கிறார், குழந்தையைத் தூக்குவதில்லை. என்ன செய்வது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அந்தத் தட்டை மற்ற தட்டுகளோடு அடுக்குங்கள். இது ரத்தம் வழியாகப் பரவி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ். சேர்ந்து சாப்பிடுவதாலோ, குழந்தையைக் கொஞ்சுவதாலோ தொற்றாது. ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி மட்டும் அவருக்குத் தனி.

ரிப்போர்ட்டில் ‘ஆன்ட்டிபாடி (வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) பாசிட்டிவ்’ என்று மட்டும் இருந்தால், வைரஸ் எப்போதோ நுழைந்தது என்றுதான் அர்த்தம். இப்போதும் இருக்கிறதா என்பதை, ரத்தத்தில் வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. டெஸ்ட்தான் சொல்லும், சிலருக்குத் தானாகவே போயிருக்கும். இருந்தால், பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை. நூற்றுக்கு 95 பேருக்குமேல் குணமாகிறது. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும். ஆன்ட்டிபாடி அப்போதும் பாசிட்டிவ்தான் காட்டும். அதைப் பார்த்து இரண்டாம் முறை கலங்குபவர்கள் உண்டு. 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்து இலவசம். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, விசாரியுங்கள்.

‘எங்கே போய் வாங்கிட்டு வந்தே?’ என்று உறவினர் கேட்பதுதான் பலரை உடைக்கிறது. பழைய ஊசி, ரத்தம் ஏற்றியது, பச்சை குத்தியது என எதுவாகவும் இருக்கலாம், துருவ வேண்டாம். அவர் சோர்ந்திருந்தால், அதற்கு வைரஸும் காரணமாகலாம். ‘வாழ்ந்து என்ன’ என்று பேசினால் அன்றைக்கே அரசின் மருத்துவ உதவி எண் 104-ஐ அழையுங்கள்.