கொழும்பு வெள்ளவத்தையில் இரவில் சும்மா தெருவில் நின்றால் பொலிஸ் கைது செய்யலாமா?

சும்மா நிற்பது மட்டும் குற்றமல்ல. ஆனாலும் 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டம் 'திரிபவர்' என்பதற்கு மிக அகலமான வரைவிலக்கணம் தருகிறது. ஏழைகளையும் இரவில் தனியே நிற்கும் பெண்களையும் அள்ளிச் செல்ல அதுவே வசதி. பிரித்தானியர் காலத்துச் சட்டம் ஒன்று இன்றைய கொழும்புத் தெருவை ஆளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. யாருக்கும் தீங்கு செய்யாதவரிடம் பொலிஸுக்கு என்ன வேலை?

சரி, பிடித்துவிட்டால்? அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரைப்படி காரணம் சொல்லியே ஆக வேண்டும். வழமையான குற்றவியல் நடைமுறையில், பிடியாணை இல்லாமல் கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு கதை. சிறு குற்றங்கள் பெரும்பாலும் பிணை வழங்கக்கூடியவை. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டப்படி பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு. அப்புறம், அடித்தாலோ காரணமின்றி அடைத்தாலோ ஒரு மாதத்துக்குள் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.