மாமியார் இருக்கும்போதே கணவர் போய்விட்டார். அவர் பங்கும் போய்விட்டதா?

கேள்வி: என் மாமனார் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டையும் கொல்லையில் இருக்கும் தென்னந்தோப்பையும் 1998-இல் செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்தார். மாமியார் ஆயுள் உள்ளவரை அனுபவிக்க வேண்டும், அவர் காலத்துக்குப் பின் மகன்கள் இருவரும் சமபாகமாக அடைய வேண்டும் என்று பத்திரம் சொல்கிறது. மாமனார் 2006-இல் காலமானார். இளைய மகனான என் கணவர் 2021-இல் இறந்துவிட்டார். எங்களுக்கு ஒரே மகள். மாமியாருக்கு இப்போது 81 வயது. "சொத்து தம்பி கைக்கு வரும் முன்பே அவன் போய்விட்டான், உனக்கு ஒன்றும் கிடையாது" என்கிறார் கணவரின் அண்ணன். முழு வீட்டையும் மாமியாரிடம் தன் பெயருக்கு எழுதி வாங்கப் போவதாகவும் சொல்கிறார். நானும் மகளும் வெளியேற வேண்டியதுதானா? (வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. உங்கள் கணவரின் பங்கு அவரோடு போய்விடவில்லை.

நீங்கள் அனுப்பிய நகலில் இந்த வாசகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்: "என் மனைவி ஆயுள் பரியந்தம் அனுபவித்து வந்து, அவருக்குப் பின் என் குமாரர்கள் இருவரும் சமபாகமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைந்துகொள்ள வேண்டியது." இதில் மாமனார் ஒரே சொத்தை இரண்டு காலமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். இன்றைய அனுபவம் மாமியாருக்கு, நாளைய முழு உரிமை மகன்களுக்கு. மகன்கள் காத்திருப்பது கைக்கு வருவதற்காக மட்டும்தான். உரிமை 1998-லேயே அவர்களுக்கு வந்துவிட்டது. சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 19-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. அப்படிச் சேர்ந்துவிட்ட உரிமை, சொத்து கைக்கு வரும் முன் உரிமை பெற்றவர் இறந்தாலும் அழியாது. நடுவில் இன்னொருவருக்கு ஆயுள் உரிமை இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, மகனுக்கு இன்னும் உரிமை வரவில்லை என்று முடிவு கட்டவும் கூடாது.

அண்ணன் இதை அப்பா உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்கு இருக்கும் எதிர்பார்ப்போடு குழப்பிக்கொள்கிறார். அது வெறும் நம்பிக்கை, அப்பா நாளைக்கே வேறு யாருக்காவது எழுதிவிடலாம். இங்கே அப்பா கையெழுத்துப் போட்டுப் பதிவும் செய்து கொடுத்தே விட்டார்.

சரி, பாதி வீடு அப்படியே உங்களுக்கா என்றால், இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, பிள்ளைகளோடு தாயும் உண்டு. கணவர் உயில் எழுதவில்லை என்றால் அவருடைய பாதி மூன்றாகும்: உங்களுக்கு, மகளுக்கு, மாமியாருக்கு மொத்தச் சொத்தில் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. மகன் வழியாக வந்த அந்த ஆறில் ஒரு பங்கு மாமியாருக்கு முழுச் சொந்தம். அதை அவர் மூத்த மகனுக்கு எழுதிக் கொடுத்தால் உங்களால் தடுக்க முடியாது. இது உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும், ஆனாலும் இப்போதே தெரிந்திருப்பது நல்லது.

மீதிச் சொத்தில் அவருக்கு இருப்பது ஆயுள் உரிமை. குடியிருக்கலாம், வாடகை வாங்கலாம், தேங்காய் பறித்து விற்கலாம். அந்த வருமானத்தில் இன்றைக்கு நீங்கள் பங்கு கேட்க முடியாது. ஆனால் தன்னிடம் இல்லாததை அவர் யாருக்கும் கொடுக்கவும் முடியாது. முழு வீட்டையும் மூத்த மகனுக்கு எழுதினாலும், உங்கள் பங்கைப் பொறுத்தவரை அந்தப் பத்திரம் மாமியார் காலத்தோடு முடிந்துவிடும்.

நான் உண்மையாகவே கவலைப்படும் இடங்கள் இரண்டு. பத்திரத்தில் "என் மனைவியின் காலத்துக்குப் பின் உயிரோடு இருக்கும் குமாரர்கள்" என்று இருந்துவிட்டால் கதையே வேறு. அப்போது மகனின் உரிமை, அவர் அம்மாவுக்குப் பிறகும் உயிரோடு இருந்தால்தான் என்ற நிபந்தனையில் தொங்கும். இரண்டாவது, "ஜீவனாம்சத்துக்காக" என்ற சொல். ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்த சொத்து, பத்திரத்தில் ஆயுள்வரை என்றே எழுதியிருந்தாலும், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14(1) பிரிவின்படி அவருக்கு முழுச் சொத்தாகிவிடும் என்று துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்புச் சொன்னது. புதிதாக, வரம்போடு கொடுத்த சொத்து என்றால் 14(2), வரம்பு அப்படியே நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்பதில் பிற்காலத் தீர்ப்புகள் ஒத்துப்போகவில்லை. அதனால் 2024-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. அண்ணனுக்கு நல்ல வக்கீல் கிடைத்தால் இந்தப் பக்கமாகத்தான் வருவார்.

இந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு அந்த 1998 பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். 1998 முதல் இன்றுவரைக்கும் வில்லங்கச் சான்று எடுங்கள், மாமியார் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால் அதில் தெரியும். கணவரின் வாரிசுச் சான்றிதழ் இல்லையென்றால் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அப்புறம் வக்கீல் மூலம் அண்ணனுக்கும் மாமியாருக்கும் உங்கள் உரிமையைச் சொல்லி ஒரு நோட்டீஸ். அதற்கும் அவர்கள் மசியவில்லை என்றால், உரிமையை அறிவிக்கச் சொல்லி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். வெற்றுத்தாளிலோ, "விடுதலைப் பத்திரம், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று நீட்டும் காகிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். மகள் மைனர் என்றால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவள் பங்கை நீங்களே எழுதிக் கொடுப்பதும் செல்லாமல் போகலாம்.

நோட்டீஸ் அனுப்பும் முன் ஒருமுறை மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அவரும் மகனைப் பறிகொடுத்தவர். பேத்திக்கு என்ன மிஞ்சும் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய ஜெராக்ஸில் இரண்டாம் பக்கத்தின் அடியில், மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு வரி முழுதாக மறைந்திருக்கிறது. "சமபாகமாய்" என்பதற்குச் சற்று மேலே. நகல் கைக்கு வந்ததும் முதலில் அந்த வரியைப் படியுங்கள், எனக்கும் எழுதுங்கள்.