வேட்டித் திரையில் ஒரு புளியமரப் பேய்

கேள்வி: கனடாவில், மிசிசாகாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினான்காம் மாடியில் வசிக்கிறோம். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. கணவருக்கு வேலை நேரம் குறைந்துவிட்டதால் இந்த ஆண்டு கையை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பள்ளியில் ஹாலோவீன் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லை என்கிறாள் மகள். கடையில் ஒரு வேஷ உடை 40 டாலர். சின்னவனோ சென்ற ஆண்டு ஒரு முகமூடியைப் பார்த்து அலறியதை இன்னும் மறக்கவில்லை. கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமியார், "தீபாவளி நேரத்தில் பேய்க்கு என்ன கொண்டாட்டம்?" என்கிறார். வீட்டுக்குள்ளேயே, செலவில்லாமல், ஆண்டுதோறும் செய்யக்கூடியதாக ஏதாவது சொல்லுங்களேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் உங்கள் மாமியாரைக் கவனிப்போம். நான் சொல்லப்போகும் திட்டத்தில் கதாநாயகியே அவர்தான்.

அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவில் இறந்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்று அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தப் பழைய நாளும், நவம்பர் 1 அன்று வரும் கிறிஸ்தவர்களின் புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவும் கலந்து உருவானதுதான் ஹாலோவீன். புரட்டாசியில் மகாளய அமாவாசைக்கு இலை போட்டுப் படைத்த கைக்கு இது புரியாமல் போகாது. தீபாவளியோடு சண்டையும் இல்லை; 2024 இல் இரண்டும் அக்டோபர் 31 என்ற ஒரே நாளில்தான் வந்தன.

இப்போது செலவு. சின்னக் குழந்தைகளுக்கு இந்த இரவில் உண்மையில் பிடிப்பது இருட்டு. அம்மா பக்கத்தில் இருக்க, கொஞ்சமே கொஞ்சம் பயப்பட வேண்டும், அவ்வளவுதான். அந்த இருட்டைக் கடையில் விற்பதில்லை. உங்கள் ஊரில் அக்டோபர் கடைசியில் மாலை ஆறு மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. ஆறே முக்காலுக்கு விளக்குகளை அணைத்தால் எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்து பிள்ளைகள் படுத்துவிடலாம்.

உங்கள் கணவரிடம் வெள்ளை வேட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே அதை இழுத்துக் கட்டுங்கள். பின்னால் கைபேசியின் டார்ச். காலை உணவு அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு புளியமரம், ஒரு பேய், ஒரு மாட்டுவண்டி, வண்டிக்காரர் ஒருவர். ஒவ்வொன்றையும் ஒரு குச்சியில் ஒட்டிவிடுங்கள். வெட்டுவது உங்கள் வேலை, ஒட்டுவது மகளின் வேலை. கதை மாமியாருடையது. கும்பகோணத்துப் பக்கத்தில் வளர்ந்த பெண்மணிக்குப் புளியமரப் பேய்க்கதை ஒன்றுகூடத் தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன். பொம்மை துணியை ஒட்டி நின்றால் நிழல் சின்னதாக, கூர்மையாக விழும். டார்ச்சை நோக்கி நகர்த்த நகர்த்தப் பேய் கூரை வரை வளரும். இதை மகள் தானாகவே கண்டுபிடிக்கட்டும், சொல்லிக் கொடுக்காதீர்கள். சின்னவனைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, பேயை அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பேயை ஆட்டுகிறவனுக்குப் பேயிடம் என்ன பயம்? அடுத்த ஆண்டும் அதே வேட்டி, அதே கதை. ஒரு வரியை மாற்றிச் சொன்னால் மகள் விடமாட்டாள், பாருங்கள்.

ஹாலோவீன் இரவில் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள்; அதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். படுக்கையறை, குளியலறை, துணி அலமாரி என்று நான்கைந்து கதவுகளாவது இருக்குமே! ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் பெரியவர் ஒருவர். பிள்ளைகள் பையோடு வந்து தட்ட வேண்டும், "ட்ரிக் ஆர் ட்ரீட்" (குறும்பா, மிட்டாயா?) என்று கூவ வேண்டும். ஒரு கதவில் அப்பா தலையில் துண்டோடு, அடுத்த கதவில் பாட்டி முறுக்கோடு. அடுத்த முறை தட்டும்போது அப்பா தாத்தாவின் மூக்குக்கண்ணாடியோடு நிற்பார். மூன்று வயதுக்கு இதில் அலுப்பே வராது. உங்களுக்கு வந்துவிடும், அதனால் மூன்று சுற்று என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அப்படியும் வெளியே போக மகள் ஆசைப்பட்டால், பல குடியிருப்புகளில் மிட்டாய் கொடுக்க விரும்பும் வீடுகளின் பட்டியலைக் கீழ்த்தளத்தில் ஒட்டுவார்கள். உங்கள் கட்டடத்தில் உண்டா என்று கேளுங்கள். இரண்டு மாடி போதும், குளிரில் இறங்க வேண்டியதில்லை.

பரங்கிக்காய் ஒன்று வாங்குங்கள், ஆனால் வெட்டாதீர்கள். குடைந்த காய் வெதுவெதுப்பான வீட்டுக்குள் சில நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். முழுக்காய் வாரக்கணக்கில் நிற்கும். பிள்ளைகள் அதன்மேல் சாக்பீஸால் முகம் வரையட்டும், அழித்து மறுபடி வரையட்டும். நவம்பர் முதல் வாரத்தில் தோல் சீவிக் கூட்டு வைத்துவிடுங்கள். முகம் குடைவதற்கென்று குவித்து வைத்திருக்கும் பெரிய காய் நார் நாராக, சப்பென்று இருக்கும். 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டம் செய்வதற்கென்று விற்கும் சின்ன, இனிப்பான காயைக் கேட்டு வாங்குங்கள். விதையைக் கழுவிக் காயவைத்து, எண்ணெயும் உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி, ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் போல வறுத்தால் பெரியவர்களுக்கு நொறுக்குத்தீனி. சின்னவனுக்கு வேண்டாம், தொண்டையில் சிக்கும். முழுத் திராட்சையும் கெட்டி மிட்டாயும் அப்படித்தான்.

விளக்குதான் வேண்டும் என்றால் காலியான வெள்ளைப் பால் கேனில் கறுப்பு மார்க்கரால் முகம் வரைந்து, உள்ளே மின்கல விளக்கு ஒன்று வையுங்கள். மெழுகுவத்தி கூடாது. பரங்கிக்காயில் முகம் குடைவதே ஐரிஷ்காரர்கள் அமெரிக்கா போன பிறகு வந்த பழக்கம்தானே. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். மேயோ மாவட்டத்து அருங்காட்சியகத்தில் அப்படியொரு பழைய டர்னிப் முகத்தின் வார்ப்பு இருக்கிறது. அதன் படத்தைச் சின்னவனுக்குக் காட்டிவிடாதீர்கள், நிஜமாகவே பயங்கரம்!

அந்த ஊரிலிருந்தே இன்னொரு விளையாட்டு: ஓர் ஆப்பிளை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கடிக்க வேண்டும். வாளித் தண்ணீரில் ஆப்பிளை மிதக்கவிட்டு முகத்தை முக்கும் விளையாட்டும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது.

வேஷத்துக்கு 40 டாலர் கொடுக்காதீர்கள். பழைய வெள்ளைத் தலையணை உறையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டால் பேய் தயார். முகம் திறந்தே இருக்கும். மகள் அதைப் போட்டுக்கொள்வதைச் சின்னவன் கண்ணெதிரே செய்யுங்கள். அக்காவே பேயாக மாறுவதைப் பார்த்துவிட்டால் அவனும் ஓர் உறை கேட்பான். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

மிட்டாய் வேண்டுமென்றால் நவம்பர் 1 காலையில் கடைக்குப் போங்கள்; மிஞ்சியதைப் பாதி விலைக்குத் தள்ளுவார்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: இன்றிரவே மாமியாரிடம் அந்தப் புளியமரக் கதையைக் கேட்டு வையுங்கள், எத்தனை பொம்மை வெட்ட வேண்டும் என்று தெரியவேண்டுமே.