நீளக்கைச் சட்டை

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 17 வயது. அடுத்த வருடம் ஏ/எல் பரீட்சை. வெள்ளவத்தையில் கடற்பக்க மாடிவீட்டில் இருக்கிறோம். அவளுடைய அப்பா கட்டாரில். சித்திரை வெயிலிலும் நீளக்கைச் சட்டையோடு திரிந்தாள். ஒருநாள் தற்செயலாகக் கையைப் பார்த்துவிட்டேன். தானே காயப்படுத்தியிருக்கிறாள். நெஞ்சு படபடக்கிறது என்று டியூஷனுக்கும் போவதில்லை. அடித்தும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். இப்போது தினமும் இரவில் கையைக் காட்டச் சொல்கிறேன். மாமியார் மயூரபதி அம்மனுக்கு நேர்த்தி வைக்கச் சொல்கிறார். டொக்டரிடம் காட்டினால் நாளைக்கு அவளுடைய கல்யாணத்துக்கு இடைஞ்சலாகுமா?
ஒரு தாய், கொழும்பு 6

பதில்: தங்கச்சி, ‘அடித்தும் பார்த்தேன்’ என்று எழுதிய இடத்தில் மை கலைந்திருந்தது. அடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். மற்றதைக் கதைப்போம்.

உங்கள் மகள் நடிக்கவில்லை. பிறர் பார்க்க வேண்டும் என்று செய்பவளுக்கு நீளக்கைச் சட்டை எதற்கு? பதற்றம் உச்சிக்கு ஏறும்போது அதைத் தாங்க வேறு வழி தெரியாத பிள்ளைகள் இப்படிச் செய்கிறார்கள். செய்ததும் கொஞ்ச நேரம் மனம் அடங்குகிறது. சிக்கலே அங்கேதான். ‘இது உதவுகிறது’ என்று மூளை படித்துக்கொள்கிறது. பிறகு வெட்கம், ஒளிக்கும் பாடு, அதனால் இன்னும் பதற்றம். டியூஷனுக்குப் போகாததும் இதே கணக்குத்தான். இன்று போகாவிட்டால் இன்றைக்கு நிம்மதி, நாளைக்கு அந்த வாசற்படி இரண்டு மடங்கு உயரம்.

கோபிக்காதீர்கள், நீங்கள் இரவில் கையைப் பார்ப்பதும் அந்த வகைதான். பார்த்தால் உங்களுக்கு அன்றைக்குத் தூக்கம் வருகிறது. அவளோ பகல் முழுவதும் அந்தச் சோதனையை நினைத்துப் பதறுகிறாள், ஒளிப்பதில் இன்னும் தேர்ந்துவிடுகிறாள்.

எனக்கு இந்தப் படபடப்புத் தெரியும். இருபது வயதில் 101 பஸ்ஸில் மூச்சு அடைத்து, செத்துப்போகப் போகிறேன் என்று பம்பலப்பிட்டியில் இறங்கி ஓடினேன். பிறகு ஆறு மாதம் பஸ்ஸே ஏறவில்லை. காலி வீதியைக் கண்டாலே விரல்கள் சில்லிடும். ஓர் உளவளத்துணையாளர் என்னை முதல் வாரம் ஒரே ஒரு தரிப்பிடம் மட்டும் போகச் சொன்னார். பயம் வந்தாலும் இறங்கக்கூடாது, அது தானாகத் தணிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த வாரம் இரண்டு தரிப்பிடம். கொள்ளுப்பிட்டி வரை போய்ச் சேர்ந்த அன்று ரோட்டில் நின்று அழுதேன். அறிகை நடத்தைச் சிகிச்சை என்பதில் பெரிய பங்கு இதுதான். டியூஷனுக்கும் இப்படித்தான், முதலில் வாசல் வரை.

தன்னைக் காயப்படுத்துவோருக்காக வளர்ந்த முறை இன்னொன்று உண்டு, டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. உருவாக்கியவர் மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளர். அவரே 17 வயதில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர். 2011இல் அதை அவரே வெளியே சொன்னார். இதை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அந்த முறையில் கற்றுத் தருகிற ஒன்று, உந்துதல் வரும் அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டுவது. கரையோர ரயில் வரும்போது உங்கள் வீட்டு யன்னல் கண்ணாடி அதிருமே, போனதும் நின்றுவிடும். உந்துதலும் ஏறி இறங்கும். அந்த நேரத்தில் ஃபிரிட்ஜ் தண்ணீரில் நனைத்த துவாயைக் கண்ணிலும் கன்னத்திலும் வைத்து, மூச்சைச் சற்றுப் பிடித்துக் குனிந்தால் நாடித்துடிப்பு இறங்கும். அப்புறம் மூச்சை இழுத்ததை விட மெதுவாக வெளியே விட வேண்டும். இதய நோய் உள்ள பிள்ளை, சரியாகச் சாப்பிடாத பிள்ளை என்றால் வைத்தியரைக் கேட்டுவிட்டே துவாயைத் தொடுங்கள்.

அம்மனிடம் போங்கள், நானும் போகிறவள்தான். ஆனால் மனநல வைத்தியரிடமும் போக வேண்டும். ‘அங்கொடை’ என்ற சொல்லை நம் ஆட்கள் ஏச்சாக்கி வைத்ததால் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே வாடின! அந்த அங்கொடைத் தேசிய மனநல நிறுவனம்தான் 1926 என்ற எண்ணில் இரவு பகலாகப் பேசுகிறது, தமிழிலும் கதைக்கலாம். கொழும்பில் 1974 முதல் இருக்கும் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பும் மனம் விட்டுப் பேசக் காசு கேட்காது. கல்யாணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வைத்தியர் இரகசியம் காப்பார். சொந்தக்காரருக்குச் சொல்வதா என்பது உங்கள் வாயில் இருக்கிறது.

மருந்து தந்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரங்களில் இந்த வயதுப் பிள்ளையை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும், நினைத்தபடி நிறுத்தவும் கூடாது. வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் பூட்டி வையுங்கள்.

இன்றிரவு கையைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருந்து, ‘உனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது போல, அம்மா ஏசமாட்டேன்’ என்று சொல்லுங்கள். பிறகு, ‘செத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறாயா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் வைத்தியரிடம் நேரம் எடுங்கள். முதல் நாள் அவள் உள்ளே தனியாகக் கதைக்கட்டும். நீங்கள் வெளியே வாங்கில் இருங்கள். வந்ததும் ‘என்ன சொன்னாய்’ என்று கேட்க வேண்டாம், தேத்தண்ணி குடிக்கக் கூட்டிப் போங்கள்.