பிளக் பாயிண்ட் எங்கே? சென்னை மின்வண்டிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பெரும்பாக்கம் பக்கம் 60 வீடுகள் உள்ள அடுக்ககத்தில் இருக்கிறேன். என் பார்க்கிங்கில் ஒரு சார்ஜிங் பாயிண்ட் போட அசோசியேஷன் மறுக்கிறது. அரசு அனுமதி வேண்டும், லோடு தாங்காது, தீப்பிடிக்கும் என்கிறார்கள்.

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அனுமதி கதையை முதலில் முடித்துவிடலாம். வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கெனவே உள்ள இணைப்பிலேயே சொந்த வண்டியை சார்ஜ் செய்யலாம், வீட்டில் போட்டால் வீட்டுக் கட்டணம்தான் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. பிரிண்ட் எடுத்து செக்ரட்டரி கையில் கொடுங்கள்.

லோடு விஷயத்தில் அவர்கள் பயம் முழுக்கத் தப்பில்லை. உங்கள் ஒரு கார் 16 ஆம்ப் பிளக்கில் இழுப்பது 3.3 கிலோவாட், அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் 60 வீட்டிலும் கார் வந்து எல்லோரும் ராத்திரி எட்டு மணிக்கே ஆன் செய்தால் கிட்டத்தட்ட 200 கிலோவாட், அதை உங்கள் கட்டடத்துக்கு வரும் கேபிள் தாங்காது. நடைமுறையில் அப்படி ஆகாது. தினம் 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 6 யூனிட் போதும், அதாவது இரண்டு மணி நேரம். முறை வைத்துப் போட்டால் இருக்கிற லோடிலேயே பல கார்களைச் சமாளிக்கலாம். ஆகவே 'எனக்கு மட்டும் ஒரு பாயிண்ட்' என்று போய் நிற்காதீர்கள். மீட்டர் ரூமிலிருந்து பார்க்கிங் வரை ஒரே தடவையில் கேபிள் டிரே போட்டு வைப்போம், வண்டி வாங்குபவர் அவரவர் மீட்டரிலிருந்து அவரவர் செலவில் வயர் இழுத்துக்கொள்ளட்டும் என்று பொதுக்குழுவில் வையுங்கள், அதை மறுப்பது கஷ்டம்.

தீ? பெரும்பாலும் மட்டமான வயரிங்தான் காரணம். தனி எம்சிபி (லோடு மீறினால் அணையும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த், குழாய்க்குள் போன சரியான தடிமன் வயர், இந்த நான்கும் இருக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் எர்த்தை அளந்து காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

லிஃப்ட், மோட்டாருக்கான காமன் மீட்டரிலிருந்தே கரன்ட் எடுத்து, கணக்குக்கு ஒரு சப் மீட்டர் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பொது இணைப்புக்கு விலை வேறு, வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டும் கிடையாது.

புது ஃபிளாட் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பார்க்கிங்கில் 20 சதவீதம் சார்ஜிங் வசதிக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2019-லேயே சேர்த்தாயிற்று. பில்டரிடம் ஜிம்மையும் நீச்சல் குளத்தையும் பற்றிக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்.

மூன்றாவது மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கவிட்டு ஸ்கூட்டரை சார்ஜ் செய்கிறேன். பரவாயில்லையா?

இல்லை. இன்றே நிறுத்துங்கள். மணிக்கணக்கில் லோடு இழுக்கும்போது அந்த பாக்ஸ்தான் முதலில் உருகும்.

திருவல்லிக்கேணியில் வாடகை வீடு, வண்டி தெருவில்தான் நிற்கும். எனக்கெல்லாம் மின்வண்டி கனவுதானா?

இப்போதைக்குக் கஷ்டம்தான், மழுப்ப விரும்பவில்லை. சார்ஜிங் வசதியை விரிவாக்குகிறோம் என்று யார் கிளம்பினாலும் மாலிலும் பெட்ரோல் பங்கிலும் பெரிய மெஷின் வைத்து ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஊரில் வண்டி என்றால் முக்கால்வாசி இரண்டு சக்கரம், அது ராத்திரி முழுக்க வீட்டு வாசலில் சும்மா நிற்கிறது, அங்கே ஒரு சாதாரண பிளக் இருந்தாலே போதும். கேரள மின்வாரியம் இதைச் செய்து பார்த்தது. 2021-ல் கோழிக்கோட்டில் மின்கம்பத்திலேயே ஸ்கூட்டர், ஆட்டோவுக்கான சார்ஜிங் பாயிண்டுகளைச் சோதனையாக வைத்து, பிறகு மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கு மேல் வைத்தார்கள். திருவல்லிக்கேணி மாதிரி சந்துகளில் இப்படி ஒன்று வராமல் வேலைக்கு ஆகாது. அதுவரை பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போகும் மாடல் பாருங்கள், அல்லது வேலை செய்யும் இடத்தில் ஒரு பிளக் கேளுங்கள்.

பூந்தமல்லி பக்கம் மெயின் ரோட்டில் 4 சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. சார்ஜிங் ஸ்டேஷன் ஃபிரான்சைஸ் எடுத்தால் மாதம் லட்சக்கணக்கில் வரும் என்கிறார்கள். நம்பலாமா?

லைசென்ஸ் தேவையில்லை, 2018-லேயே மத்திய அரசு அதைத் தெளிவாக்கிவிட்டது. யார் வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதால்தான் இத்தனை ஃபிரான்சைஸ் விளம்பரங்களும்.

ஒரு 60 கிலோவாட் மெஷின் நாளில் பத்தில் ஒரு பங்கு நேரம் முழு வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள், 144 யூனிட் விற்கும். யூனிட்டுக்கு 5 ரூபாய் மிஞ்சினால் நாளுக்கு 720, மாதத்துக்கு 21,600. இதில்தான் மெஷின் கடனின் தவணை, வாங்கிய லோடுக்கு இபி போடும் நிலைக்கட்டணம் (கார் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும்), ரிப்பேர், ஆள் சம்பளம் எல்லாம். வாடிக்கையாளர் கொடுப்பதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. விளம்பரக்காரர் எத்தனை சதவீத ஓட்டத்தை வைத்து லட்சம் கணக்குப் போட்டார் என்று கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு மாறும். மின்வண்டிகளுக்கான மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கு 2,000 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது உண்மை, அதை நம்பி நீங்கள் கடன் வாங்க வேண்டாம்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் கூரை போட்டு, பத்துப் பதினைந்து சாதாரண பாயிண்ட் வைத்து, டெலிவரி பையன்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் இரவு நிறுத்தமும் சார்ஜும் சேர்த்து மாத வாடகைக்கு விடுவேன். முதலீடு குறைவு, இடமும் காலியாக இருக்காது.

மெஷினில் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது, என் காருக்கு 28-தான் ஏறுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. அதே மெஷினின் இன்னொரு கன்னில் (காரில் செருகும் கைப்பிடி) வேறு கார் நின்றால் பல மெஷின்கள் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கும். தவிர, எவ்வளவு வாங்கிக்கொள்வது என்பதைக் காரே முடிவு செய்கிறது, பேட்டரி சூடாக இருந்தால் குறைத்துக்கொள்ளும், 80 சதவீதத்தைத் தாண்டினாலும் குறைக்கும். பின்னால் ஆள் நின்றால் 80-ல் கழற்றிவிட்டு நகர்வதுதான் மரியாதை.

கார் வாங்கினால் கரன்ட் பில் எகிறுமா?

ஸ்கூட்டர் என்றால் தெரியவே தெரியாது. தினம் 30 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். கார் வேறு கதை: தினம் 6 யூனிட் என்றால் இரண்டு மாத பில்லில் 360 கூடும். இப்போது 300 யூனிட் ஓட்டுகிற வீடு 500-ஐத் தாண்டிவிடும், தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு விலை கூடுவதோடு 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலையும் போய்விடும். அப்போதும் பெட்ரோலை விட மிச்சம்தான், ஆனால் ஷோரூமில் சொன்ன அளவு மிச்சம் இருக்காது.

வேளச்சேரி. மழையில் சார்ஜ் போடலாமா?

மழையில் போடலாம், தேங்கிய தண்ணீரில் கூடாது. பேட்டரியில் ஐபி67 என்று போட்டிருப்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்குத்தான், ஒரு ராத்திரி முழுக்க மூழ்கிக் கிடப்பதற்கு இல்லை. சார்ஜரைச் சுவரில் உங்கள் பகுதியின் பழைய வெள்ள அடையாளத்துக்கு மேலே வையுங்கள். வண்டி மூழ்கியிருந்தால் சர்வீஸ் ஆள் பார்க்கும் வரை சார்ஜ் போடவே வேண்டாம்.

பஸ், கார், ஸ்கூட்டர் எல்லாம் மின்சாரத்துக்கு மாறினால் சென்னைக்குக் கரன்ட் போதுமா?

பஸ்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை விட்டார்கள், பணிமனைக்கென்று தனி லைன், தனி டிரான்ஸ்ஃபார்மர், எந்த பஸ் எப்போது சார்ஜ் ஏற வேண்டும் என்பதையும் திட்டம் போட்டுச் செய்யலாம். சிக்கல் தெரு முனை டிரான்ஸ்ஃபார்மரில்தான். மே மாதம் இரவு பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது அது ஏற்கெனவே திணறுகிறது, அந்த நேரத்தில் நாலு கார் சேர்ந்தால் ஃபியூஸ் போகும். உங்கள் கார் ஆப்பில் டைமர் இருக்கும். சார்ஜ் தொடங்கும் நேரத்தை இரவு 1 மணி என்று வைத்துவிட்டுத் தூங்குங்கள்.