எம்.பி. கேள்வி போட்டால் நிவாரணம் வந்துவிடுமா?

கேள்வி: 2024 ஜூன் மாதம் என் தங்கையின் கணவர் ஒரு லாட்ஜின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய இறங்கி, விஷவாயு தாக்கி இறந்துவிட்டார். லாட்ஜ்காரர் 2 லட்சம் ரூபாய் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று முத்திரைத்தாளில் தங்கையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அரசு நிவாரணம் இன்றுவரை வரவில்லை. கேட்டால், "தனியார் இடத்தில் நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்கிறார்கள். எம்.பி. மூலம் நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேள்வி போட்டால் அமைச்சரே பதில் சொல்லியாக வேண்டும், பணம் தானாக வரும், அதற்கு டெல்லி செலவு 25 ஆயிரம் ஆகும் என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்கிறார். முன்பணமாக 3 ஆயிரம் வாங்கிவிட்டார். மீதியைக் கொடுக்கலாமா?
(சேலம் மாவட்ட வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட.

நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கக் கட்டணம் கிடையாது. எம்.பி. தன் பெயரில் இணையம் வழியாகவோ எழுத்திலோ அனுப்புகிறார், அவ்வளவுதான். டெல்லிக்கு யாரும் பெட்டி தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் இரண்டு அவைகளிலும் சேர்த்து 11 எம்.பி.க்களின் பதவியே பறிபோனது. உங்கள் ஊர்க்காரருக்கு இது தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாது என்பதுதான் அவருடைய முதலீடு.

பல வருடங்களாக மக்கள் பிரதிநிதிகளுக்குக் கேள்விகள் எழுதிக் கொடுத்து வருகிறேன். இந்த ஆட்களின் கைவரிசையை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு முறை ஒரு பெரியவர் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். மேலே 'இந்திய அரசு, மக்களவை' என்று ஆங்கிலத்தில் இருந்தது. தன் மகன் விஷயமாக வந்த உத்தரவு என்று நம்பி, அதற்கு 12 ஆயிரம் கொடுத்திருந்தார். படித்துப் பார்த்தால், யாரோ ஒரு வடமாநில எம்.பி. எப்போதோ கேட்ட கேள்விக்கு வந்த பதில். நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லாப் பதில்களும் இலவசமாகக் கிடக்கின்றன. இறக்கி, அச்செடுத்து, உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. உங்களுக்கும் நாளை அப்படி ஒரு தாள் வரலாம்.

சரி, கேள்வி உண்மையாகவே போனால் என்ன நடக்கும்?

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போடுவார்கள். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கேள்விகளைத் தாண்டினாலே பெரிய விஷயம். மற்றபடி 230 வரை நட்சத்திரமில்லாத கேள்விகள். உங்கள் ஊர்க்காரர் சொல்லும் 'எழுத்துப்பூர்வ' கேள்வி இந்த ரகம். இதற்கான பதிலை அவையில் யாரும் வாசிக்க மாட்டார்கள். தாளாக மேசையில் வைப்பார்கள். அது தகவல், உத்தரவு கிடையாது. எந்தக் கலெக்டரும் அதைப் பார்த்துக் காசோலை எழுத மாட்டார்.

"அடுத்த வாரமே போட்டுடலாம்" என்று சொன்னாரா? குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கூட்டத்தொடர் நடக்க வேண்டும், அந்த அமைச்சகத்துக்கு ஒதுக்கிய நாள் வர வேண்டும், குலுக்கலில் எம்.பி.யின் பெயர் முன்னால் வர வேண்டும். தேதி சொல்லி யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது, எம்.பி.யாலும்கூட.

இன்னொன்று. உங்கள் தங்கை பெயரைப் போட்டு, இந்தக் குடும்பத்துக்கு ஏன் பணம் வரவில்லை என்று கேட்டால் கேள்வி பெரும்பாலும் உள்ளேயே நுழையாது. தனிநபர் குறையைக் கேள்வியாக ஏற்பதில்லை. வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் அதையும் தொடக் கூடாது. வாதம், குற்றச்சாட்டு, கிண்டல் எதுவும் இருக்கக் கூடாது, 150 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. இத்தனை வேலியையும் தாண்டி வருகிற கேள்விக்கு வரும் பதிலைப் பார்த்தால்தான் வயிறு எரியும்.

உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரியில் சமூக நீதி அமைச்சகம் மக்களவையில் ஒரு பதில் தந்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் சாக்கடை, செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும்போது நாடு முழுவதும் 340 பேர் இறந்தார்கள், அதில் தமிழ்நாட்டில் 43 பேர் என்றது. அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில் அதே அமைச்சகம் இன்னொரு பதில் தந்தது. கையால் மலம் அள்ளுவதால் இறந்ததாக ஒரு மரணம்கூடப் பதிவாகவில்லை என்றது அந்தப் பதில். பிப்ரவரியில் 340, ஜூலையில் பூஜ்யம்! செத்தவர்கள் எழுந்து நடந்து போய்விட்டார்களா?

இரண்டு பதிலும் சட்டப்படி 'சரி' என்பதுதான் கொடுமை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு தனித்தனி வார்த்தைகள் இருக்கின்றன. உலர் கழிப்பிடம், திறந்த சாக்கடை போன்ற இடங்களில் மலத்தைக் கையால் அள்ளுவது ஒன்று. பாதுகாப்புக் கருவி இல்லாமல் பாதாளச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்குவது இன்னொன்று. இதற்குச் சட்டம் வைத்த பெயர் 'அபாயகரமான சுத்தம்'. விஷவாயுவில் சாகிறவர்கள் இந்த இரண்டாவது பட்டியலில் வருவார்கள். கேள்வியில் முதல் வார்த்தையைப் போட்டால் இரண்டாவது பட்டியலைத் திறந்தே பார்க்காமல் பூஜ்யம் என்று எழுதிவிடலாம். ஊரில் எல்லோரும் இரண்டையும் ஒன்றாகத்தான் பேசுகிறோம், பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. அதிகாரிக்கு அது வசதி.

2020 செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. பொதுமுடக்கத்தில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பத்துக்கு நிவாரணம் தரப்பட்டதா என்று கேட்டார்கள். முதல் பகுதிக்கு, அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று பதில். அதனால் இரண்டாவது பகுதிக்கு, கேள்வியே எழவில்லை. எண்ணவில்லை, ஆகவே கொடுக்க வேண்டியதில்லை. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கும் மேல் ஒரு பதில் உண்டு: "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்." இது அரசு தரும் உறுதிமொழிக் கணக்கில் சேரும், மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், கண்காணிக்க ஒரு குழுவே இருக்கிறது. நடைமுறையில் அவகாசத்துக்கு மேல் அவகாசம் வாங்கி ஆண்டுக்கணக்கில் இழுப்பார்கள்.

அப்படியானால் கேள்வியே வேண்டாமா? வேண்டும். ஆனால் உங்கள் பணத்தை அது பெற்றுத் தரும் என்று நினைக்கக் கூடாது. உங்கள் மனுவுக்குத் துணையாக நிற்கிற காகிதம் அது. உங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்கு நேராகப் போய், இப்படி ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள்:

"சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் துறை அமைச்சர் தெரிவிப்பாரா:
(அ) 2023 அக்டோபர் 20-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, சாக்கடை மற்றும் செப்டிக் டேங்குகளின் அபாயகரமான சுத்தத்தின்போது இறந்தோர் எண்ணிக்கை மாநில வாரியாக எவ்வளவு;
(ஆ) அத்தீர்ப்பின்படி 30 லட்சம் ரூபாய் முழுமையாகப் பெற்ற குடும்பங்கள், குறைவாகப் பெற்றவை, எதுவும் பெறாதவை எத்தனை;
(இ) மரணம் தனியார் இடத்தில் நிகழ்ந்தது என்று காரணம் காட்டி நிவாரணம் மறுக்கக் கூடாது என மாநிலங்களுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளதா, எந்தத் தேதியில்?"

'அபாயகரமான சுத்தம்' என்ற வார்த்தையை மாற்றிவிடாதீர்கள். (இ) பகுதி (அ)-வை நம்பி நிற்கவில்லை, கவனித்தீர்களா? அங்கே தரவு இல்லை என்று கைவிரித்தாலும் இங்கே, அறிவுறுத்தினோம் அல்லது அறிவுறுத்தவில்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். துப்புரவு மாநிலப் பட்டியலில் உள்ளது என்று தட்டிக்கழிக்கவும் பார்ப்பார்கள். இது மத்தியச் சட்டம் என்பதால்தான் சட்டத்தையும் தீர்ப்பையும் சுற்றியே கேள்வியை எழுதியிருக்கிறேன். கலெக்டர் ஏன் தரவில்லை என்று கேட்க ஆசையாகத்தான் இருக்கும். அதைச் சட்டமன்றத்தில் உங்கள் எம்.எல்.ஏ. கேட்கட்டும்.

இப்போது, 'தனியார் இடம்' என்று உங்களைத் திருப்பி அனுப்பினார்களே, அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். உங்கள் வழக்கே இதில்தான் சிக்கிக் கிடக்கிறது.

2014 மார்ச் 27 தீர்ப்பில், 1993 முதல் சாக்கடை, செப்டிக் டேங்க் வேலையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023-ல் அதை 30 லட்சம் ஆக்கியது. நகராட்சி ஆள் இறந்தால் ஒரு மாதிரி, லாட்ஜில் இறந்தால் இன்னொரு மாதிரி என்று அங்கே எழுதப்படவில்லை. ஆனால் அலுவலகங்களில் தாங்களாகவே ஒரு கோடு கிழித்துக்கொண்டார்கள். தனியார் வேலைக்கு வைத்தால் தனியாரிடமே வாங்கிக்கொள் என்கிறார்கள். மும்பையில் ஒரு குடியிருப்பு வளாகத்தின் செப்டிக் டேங்கில் மூன்று பேர் இறந்தபோதும் இதே கதைதான். மனைவிமார் வழக்குப் போட்டார்கள். 2021-ல் மும்பை உயர் நீதிமன்றம், அரசு முதலில் பணத்தைக் கொடுக்கட்டும், பொறுப்பானவர்களிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. மும்பைத் தீர்ப்பு இங்கே அப்படியே கட்டுப்படுத்தாது என்று ஒரு அதிகாரி வாதாடலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் இல்லையா என்று திருப்பிக் கேளுங்கள். லாட்ஜ்காரரை விட்டுவிடச் சொல்லவில்லை. முதல் முறை குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் அவர் மாட்டுகிற வரைக்கும் தங்கை காத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த முத்திரைத்தாளுக்குப் பயப்பட வேண்டாம். அது லாட்ஜ்காரருக்கும் தங்கைக்கும் நடுவே எழுதியது. அரசின் கடமையை லாட்ஜ்காரர் எழுதி வாங்கி ரத்து செய்ய முடியாது. அதன் நகல் கையில் இருந்தால் இன்னும் நல்லது. இறந்தவரை வேலைக்கு வைத்தது யார் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய சாட்சி அது.

அப்புறம் முதல் தகவல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வெறும் 'சந்தேக மரணம்' என்று மட்டும் இருந்தால், 2013 சட்டத்தின் பிரிவு 7, 9 சேர்க்கக் கோரி எஸ்.பி.க்கு மனு கொடுங்கள். அந்தப் பிரிவு இல்லாத எஃப்.ஐ.ஆர்.தான் பாதி நிவாரணங்களை விழுங்குகிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் விஷவாயு என்ற காரணம் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டின் நகலோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுக் கொடுத்து, பதிவு எண் வாங்குங்கள். இந்தச் சட்டப்படியான மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைவரும் அவரே என்பதை மனுவில் ஒரு வரி எழுதுங்கள். மறந்திருப்பார். ஒரு பிரதியைத் தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எம்.பி.யிடம் கேள்வியோடு கூடவே கலெக்டருக்கு ஒரு கடிதமும் கேளுங்கள். உண்மையைச் சொன்னால், அவர் பெயர் போட்ட அந்த ஒரு பக்கக் கடிதம் மக்களவைக் கேள்வியைவிட வேகமாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். அங்கேயும் வாசலில் ஒருவர் நின்று, "நல்ல வக்கீலா போட்டுத் தரேன், ஐந்நூறு கொடுங்க" என்பார். நிற்காமல் உள்ளே போய்விடுங்கள்.

3 ஆயிரம் வாங்கிய ஊர்க்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எந்த எம்.பி., என்ன கேள்வி, எந்தத் தேதியில் நோட்டீஸ் கொடுத்தார் என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அந்த உரையாடலை அழிக்காதீர்கள். போலீஸில் புகார் கொடுக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.