ஆம்ப்ளிஃபையர் கேள்விகள்: முதலில் ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறை. என்ன ஸ்பீக்கர், எத்தனை ஓம், அறை எவ்வளவு பெரிது என்ற மூன்றையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்பீக்கர் பெட்டியின் முதுகில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதைப் படித்து எழுதினால் எனக்கு அரை மணி நேரம் மிச்சம், உங்களுக்கு ஒரு மாதம் மிச்சம். சரி, வந்தவற்றைப் பார்ப்போம்.

கே: ஹால் 12க்கு 14 அடி. புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர், 86 டெசிபல், 8 ஓம். இளையராஜா பாட்டு, நாதஸ்வரக் கச்சேரி, அவ்வளவுதான் கேட்பது. சேனலுக்கு 50 வாட்ஸ் போதுமா, 100 வேண்டுமா? (அஸ்தம்பட்டி)

ப: இப்படி எழுதினால் பதில் சொல்லவே ஆசையாக இருக்கிறது. 50 போதும். உங்கள் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல் கூடும், பத்து மடங்காக்கினால் 10 கூடும். 50 வாட்ஸுக்குச் சுமார் 103. சோபா வரைக்கும் வருவதற்குள் ஏழெட்டுக் குறைந்தாலும் 95 பக்கம் நிற்கும். அந்தச் சத்தத்தில் தவில் தனி ஆவர்த்தனம் வைத்தால் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிடுவார். 50க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் அந்த 3 டெசிபல்தான், வால்யூமை இத்தனூண்டு திருகுகிற அளவு. மிச்சப் பணத்தில் இரண்டு நல்ல ஸ்டாண்ட் வாங்குங்கள். இப்போது ஸ்பீக்கர்கள் டிவி மேசையில்தான் இருக்கும், எனக்குத் தெரியும்.

கே: பட்ஜெட் பிரச்சினை இல்லை. இருப்பதிலேயே பெஸ்ட் ஆம்ப் எது? (ஊர் எழுதவில்லை)

ப: எதற்கு?

கே: கண்காட்சியில் 5.1 ஹோம் தியேட்டர் செட் 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் 5000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று போட்டிருக்கிறது. நண்பர் 40,000 கொடுத்து வாங்கிய ரிசீவரில் 80 வாட்ஸ் என்றுதான் இருக்கிறது. ஆனால் அவருடையதுதான் சத்தமும் அதிகம், தெளிவும் அதிகம். எப்படி? (கொண்டலாம்பட்டி)

ப: இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலு தடவையாவது வருகிறது. வரும்போதெல்லாம் எனக்கு ரத்தக் கொதிப்பும் வருகிறது.

பிஎம்பிஓ (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) என்பது அளவே அல்ல. அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்தத் தரக்கட்டுப்பாடும் கிடையாது. பெட்டி அச்சடிக்கிறவர் மனசுக்குத் தோன்றிய எண். கணக்கை நீங்களே போடலாம். வீட்டில் இருக்கிற சின்ன பிளக் பாயிண்ட் 5 ஆம்பியர். 230 வோல்ட்டை 5ஆல் பெருக்கினால் 1150 வாட்ஸ். சுவரிலிருந்து வருவதே 1150 என்றால், 5000 எந்தக் கிணற்றிலிருந்து ஊறுகிறது?

போன ஆடியில் இப்படி ஒரு செட் என் மேசைக்கு வந்தது. முகப்பில் 10,000 வாட்ஸ் என்று வெள்ளி எழுத்து. நீல லைட் வேறு. திறந்து பார்த்தேன். உள்ளங்கையில் அடங்குகிற டிரான்ஸ்பார்மர், 12-0-12 வோல்ட் (இரு பக்கமும் சேர்த்து 24), 3 ஆம்பியர். 24ஐ 3ஆல் பெருக்கினால் 72 விஏ (வோல்ட்-ஆம்பியர், வாட்ஸ் மாதிரியான அளவு). போர்டில் இரண்டு 4440 ஐசி. அந்த ஐசி ஸ்டீரியோவாக ஓடினால் சேனலுக்கு 6 வாட்ஸ், இரண்டு சேனலையும் ஒன்றாக்கிப் பிரிட்ஜ் செய்தால் 19 வாட்ஸ், அதுவும் 10 சதவீதச் சிதைவோடு. ஹீட்சிங்க் என்ற பெயரில் ஒரு தகடு. மைக்காவும் இல்லை, பேஸ்ட்டும் இல்லை. பின்பக்க ஃபியூஸ் 1 ஆம்பியர். அதாவது, 230 வாட்ஸுக்கு மேல் தொடர்ந்து இழுத்தால் தானே அறுந்துகொள்ள வேண்டிய பெட்டி, தன் நெற்றியில் 10,000 என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தூக்கினால் கனமாக இருக்க வேண்டும் என்று அடியில் ஒரு இரும்புத் துண்டைத் திருகியிருந்தார்கள். அந்த உழைப்பை டிரான்ஸ்பார்மரில் காட்டியிருக்கலாம்.

கொண்டு வந்த பையன் கேட்டான், "அண்ணா, அப்படின்னா இது எத்தனை வாட்ஸ்ங்க?" எல்லாச் சேனலும் சேர்த்து நாற்பது தேறினால் பெரிய விஷயம் என்றேன். அவன் நம்பவில்லை. ஃபியூஸைக் கழற்றிக் கையில் கொடுத்தேன்.

பெரிய கம்பெனிகளும் சுத்தம் என்று நினைக்காதீர்கள். பெட்டியில் 150 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே எறும்பு எழுத்தில் 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு, ஒரு சேனல் மட்டும் ஓடும்போது என்று இருக்கும். பத்துச் சதவீதச் சிதைவை இசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் தேட வேண்டிய வரி வேறு: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் ஓடும்போது, 0.1 சதவீதத்துக்குக் கீழே சிதைவு. அந்த வரியில் 80 என்று இருந்தால் அது நிஜமான 80. உங்கள் நண்பருடையது அந்த ரகம். ஐந்து சேனலும் ஒன்றாக முட்டினால் அதுவும் ஐம்பது சொச்சத்துக்கு இறங்கும், பரவாயில்லை. அமெரிக்காவில் இந்தப் பொய் தாங்காமல்தான் 1974லேயே ஆம்ப் வாட்ஸை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று சட்டமாகவே போட்டார்கள்.

முன்பெல்லாம் தூக்கிப் பார்த்து வாங்கு என்பேன். 300 விஏ டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மர் ஒன்றே மூன்று கிலோ இருக்கும். இப்போது கிளாஸ் டி என்ற சூடு குறைந்த ஆம்ப்பும், எஸ்எம்பிஎஸ் என்ற கனமில்லாத பவர் சப்ளையும் வந்துவிட்டதால், எடை இல்லாமலும் நல்ல சரக்கு உண்டு. அதனால் எடையை விடுங்கள். பின்பக்கம் ஃபியூஸ் எவ்வளவு, மின்சாரம் எத்தனை வாட்ஸ் இழுக்கும் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். வெளியே போவது உள்ளே வருவதைவிட அதிகமாக இருக்க முடியாது. கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கே: ஏற்காட்டில் தாத்தாவின் பங்களாவை ஒழிக்கும்போது ரெக்கார்ட் பிளேயர் கிடைத்தது. ஆம்ப்பின் ஆக்ஸ் (சாதாரண ஆடியோ) இன்புட்டில் கொடுத்தால் கொசு பாடுவதுபோல் கேட்கிறது. பிளேயர் பழுதா? (ஏற்காடு)

ப: பிளேயர் மேல் பழி போடாதீர்கள். பிளேயரின் சின்ன சிக்னலைப் பெரிதாக்குகிற ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லை, அவ்வளவுதான். ஊசி பொருத்திய பாகமான மேக்னெட் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது 5 மில்லிவோல்ட் பக்கம். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். 400 மடங்கு வித்தியாசம். போதாததற்கு, இசைத்தட்டில் பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் பதிப்பார்கள், இல்லாவிட்டால் பேஸுக்குப் பள்ளம் அகலமாகித் தட்டில் இடம் போதாது. ஆர்ஐஏஏ என்று 1954 வாக்கில் நிலைத்த கணக்கு அது. அதைத் தலைகீழாகத் திருப்புவதும் ஃபோனோ ப்ரீஆம்ப்பின் வேலை. நாலைந்தாயிரத்தில் நல்லதாகவே கிடைக்கும். எம்எம் (மூவிங் மேக்னெட்) என்று போட்டதை வாங்குங்கள். கார்ட்ரிட்ஜ் மூவிங் காயில் என்றால் இன்னும் பத்து மடங்கு வேண்டும், அது வேறு செலவு.

ஒரு விஷயம். மூடியிலேயே ஸ்பீக்கர் வைத்த பழைய சூட்கேஸ் ரகமாக இருந்தால் உள்ளே செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கலாம். அதற்கு இது எதுவும் தேவையில்லை. கார்ட்ரிட்ஜின் படம் ஒன்று அனுப்பியிருந்தால் இரண்டு பத்தி எழுதியிருக்க மாட்டேன்.

கே: அசெம்பிள் செய்து வாங்கிய ஆம்ப்பில் விடாமல் 'ங்ங்' என்று ஹம்மிங். ஃபில்டர் கெபாசிட்டர் 4,700லிருந்து 10,000 மைக்ரோஃபாரட் ஆக்கியும் போகவில்லை. (அம்மாபேட்டை)

ப: எல்லா இன்புட்டையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். ஹம் நின்றதா? அப்படியானால் ஆம்ப் நிரபராதி. டிவியின் ஆடியோ வயரை மட்டும் மாட்டுங்கள். வந்துவிட்டதா? இப்போது டிவியின் பின்னால் கேபிள்காரர் வயரைக் கழற்றுங்கள். பத்துக்கு ஏழு வீட்டில் அங்கேதான் நிற்கும். கேபிள் வயரின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் வேறு வேறு, இரண்டும் ஆம்ப் வழியாகக் கைகோத்துக்கொள்கின்றன. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். போகாவிட்டால் கேபிள் வயரில் ஐசொலேட்டர் போடுங்கள். எர்த் பின்னை வெட்டி எறியச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். ஹம்மோடு உயிரோடு இருப்பது நல்லது.

கே: 4 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் ஆம்ப்பில் போடலாமா?

ப: ஆம்ப்பின் முதுகில் 4 முதல் 16 என்று இருந்தால் போடலாம். 8 என்று மட்டும் இருந்தால் வேண்டாம். ஏ, பி என்று இரண்டு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கரை ஒன்றாக ஓட்டுவதும் 4 ஓம்தான், அதை மறந்துவிடுகிறார்கள். எப்படியானாலும் ஆம்ப்பின் தலைமேல் எதையும் வைக்காதீர்கள்.

கே: 5.1 ரிசீவர் ஒன்று இருக்கிறது. பாட்டுக்கு மட்டும் தனியாக ஸ்டீரியோ ஆம்ப் வாங்கினேன். முன்பக்க ஸ்பீக்கர் இரண்டையும் இரண்டு ஆம்ப்பிலும் ஒன்றாக மாட்டிவிட்டு, ஒன்றை ஆஃப் செய்து வைத்தால் போதுமா? (ஃபேர்லேண்ட்ஸ்)

ப: ஐயோ, வேண்டாம் ஐயா. ஒன்றின் அவுட்புட் இன்னொன்றின் அவுட்புட்டுக்குள் போகும். என்றைக்காவது ஒருநாள் இரண்டும் ஆனாகும், அன்றைக்குப் புகை. ஸ்பீக்கர் ஸ்டீரியோ ஆம்ப்பில் மட்டும் இருக்கட்டும். ரிசீவரின் பின்னால் ஃப்ரண்ட் ப்ரீஅவுட் (முன் சேனல்களின் சிக்னலை இன்னொரு ஆம்ப்புக்குத் தரும் துளை) இருக்கிறதா பாருங்கள். அங்கிருந்து ஆர்சிஏ வயர் ஸ்டீரியோ ஆம்ப்புக்கு. ஆம்ப்பில் ஹோம் தியேட்டர் பைபாஸ் இருந்தால் அதில் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆக்ஸில் கொடுத்து, வால்யூமை ஒரே இடத்தில் நிறுத்தி, அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டு, ரிசீவரில் சேனல் லெவலைச் சரி செய்யுங்கள். படத்துக்கு எப்போதும் அந்தக் கோடு. பைபாஸ் இன்புட்டில் வால்யூம் வேலை செய்யாது, அதில் சிடி பிளேயரை மாட்டிவிட்டால் முழுச் சத்தத்தில் பாயும். என் நண்பர் வீட்டில் பூனை மூன்று நாள் திரும்பி வரவில்லை. ரிசீவரில் ப்ரீஅவுட் இல்லையென்றால் அதை மாற்றும்வரை பொறுங்கள்.

தனி ப்ரீஆம்ப் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஆம்ப்புக்கு உள்ளேயே ஒன்று இருக்கிறது. வேண்டாம்.

கே: ஆப்டிகல் வயர் நல்லதா, எச்டிஎம்ஐ நல்லதா?

ப: ஸ்டீரியோ பாட்டுக்கு இரண்டும் ஒன்று. அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருகிற டால்பி முறை) வேண்டுமானால் எச்டிஎம்ஐ, டிவியில் ஏஆர்சி என்று போட்ட துளையில். ஆப்டிகலில் அது வராது.

கே: நாகலூர் பக்கம் காபி எஸ்டேட்டில் தங்கும் விடுதி நடத்துகிறோம். மூன்று வருஷத்தில் இரண்டு ரிசீவர் போய்விட்டது. ஸ்பீக்கர் ஒன்றும் கரகரக்கிறது. மலைக்கென்று தனி மாடல் உண்டா? (ஏற்காடு)

ப: தனி மாடல் கிடையாது. தனிப் பழக்கம் உண்டு. கோடை மழையில் இடி இறங்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, சுவிட்சுக்குள் இருக்கிற இடைவெளியை மின்னல் சட்டை செய்யாது. பிளக்கைப் பிடுங்குங்கள். டிஷ் வயரையும் பிடுங்குங்கள், அதை எல்லோரும் மறக்கிறார்கள். கூரைமேல் இருக்கிற டிஷ்ஷிலிருந்து செட் டாப் பாக்ஸ், அங்கிருந்து எச்டிஎம்ஐ, அங்கிருந்து ரிசீவர். உங்கள் இரண்டில் ஒன்றாவது அந்த வழியில் போனதுதான் என்று பந்தயம் கட்டுவேன். மெயின் போர்டில் சர்ஜ் அரெஸ்டர் போட்டு, எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பாறைமேல் கட்டிய வீட்டில் எர்த் கம்பி சும்மா பேருக்கு நிற்கும். கரண்ட் போனால் ஓடுகிற இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா, சைன் வேவா? ஸ்கொயர் என்றால் டிரான்ஸ்பார்மர் உறுமும், சூடாகும். மாற்றிவிடுங்கள்.

கரகரப்புக்கு வருவோம். கோன் ஓரத்தில் இருக்கிற ஃபோம் வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். ஊறிய பன் மாதிரி உதிர்ந்தால் ஈரப்பதம் தின்றுவிட்டது. புது வளையம் ஒட்டலாம், ஸ்பீக்கரைத் தூக்கி எறிய வேண்டாம். அடுத்த முறை ரப்பர் வளையம் உள்ளதாக வாங்குங்கள்.

கே: வால்வ் ஆம்ப் வாங்க ஆசை. சேலம் வெயிலுக்கு ஒத்துவருமா?

ப: வால்வுக்கு வெயில் ஒரு பொருட்டில்லை, உங்களுக்குத்தான் கஷ்டம். இஎல்34 வால்வுகள் ஜோடியாக ஓடுகிற புஷ்புல் ரகம் என்றால் 30, 40 வாட்ஸ் தரும், கூடவே அறைக்கு ஒரு சின்ன ஹீட்டரும் தரும். 300பி ஒற்றை வால்வ் என்றால் 8 வாட்ஸ்தான், 95 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தால் யோசியுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்யவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். தலைமேல் எதையும் வைக்காதீர்கள் என்று இதற்குச் சொல்ல வேண்டியதில்லை, வைத்தால் தானே கற்றுக்கொள்வீர்கள்.

கே: வீட்டுக்கு எதிரே விசைத்தறிக் கூடம். அந்தச் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்க எத்தனை வாட்ஸ் வேண்டும்?

ப: தறியோடு போட்டி போடாதீர்கள், அது ஜெயிக்கும். இப்போது இருப்பதற்கு மேலே 10 டெசிபல் எழும்ப வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும், பிறகு காது போகும். எதிர்ப்பக்கத்து ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். ஸ்பீக்கரை நாற்காலிக்கு நாலடி தூரத்துக்கு இழுத்து வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் செலவு ஆயிரத்தைத் தாண்டாது. சனிக்கிழமை சம்பள நாள், தறி சீக்கிரம் நிற்கும் என்றும் எழுதியிருக்கிறீர்களே, பிறகென்ன!

கே: பிறந்தநாள் விழாவில் 30 வாட்ஸ் ஆம்ப்பை ஃபுல்லாக வைத்தோம். 100 வாட்ஸ் ஸ்பீக்கரின் ட்வீட்டர் எரிந்துவிட்டது. சின்ன ஆம்ப் பெரிய ஸ்பீக்கரை எப்படி எரிக்கும்? (சூரமங்கலம்)

ப: ஃபுல்லாக வைத்ததால் எரித்தது. ஆம்ப் தன் எல்லையில் முட்டும்போது அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் ட்ரெபிள் சக்தி ஏறிக்கொள்ளும், அது நேராக ட்வீட்டருக்குப் போகும். பேஸையும் முழுசாகத் திருகியிருப்பீர்கள். அது 10 டெசிபல், அதாவது பேஸுக்கு மட்டும் பத்து மடங்கு வாட்ஸ். 30ல் அது எங்கே இருக்கிறது? புது ட்வீட்டர் போட்டபின் வால்யூம் இரண்டு மணி முள்ளைத் தாண்ட வேண்டாம்.

கே: ஆம்ப் கண்ணாடி ஷோகேஸில் இருக்கிறது. மேலே செட் டாப் பாக்ஸ், அதன்மேல் அம்மா பின்னிய குரோஷா துணி. ஒரு மணி நேரம் ஓடினால் தானாக அணைந்துவிடுகிறது. என்ன பழுது? (குகை)

ப: பழுது மேலே உட்கார்ந்திருக்கிறது. பாக்ஸை இறக்குங்கள், கண்ணாடிக் கதவைத் திறந்து வையுங்கள். துணியை டிவி ரிமோட்டுக்குப் போர்த்துங்கள், அம்மா வருத்தப்படக் கூடாது.